டோஸைத் தொடாதே, ஊசியைத் தள்ளாதே

தூக்கத்துக்கும் படபடப்புக்கும் டாக்டர் எழுதிக் கொடுத்த குளோனாசெபாமை மாதக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டு வருகிறாய். ஐப்பசி மழை நெருங்குகிறது, ஃப்ளூ ஊசி போட்டுக்கொள்ளச் சொல்கிறார்கள். "போட்டுக்கிட்டா மறுபடி பழையபடி ஆயிடுமாக்கா?" என்று கேட்கிறாய். போட்டுக்கொள்ளம்மா. இந்த மாத்திரைகளைக் குறைத்துக்கொண்டிருப்பது தடுப்பூசிக்குத் தடையே இல்லை. ஆனால் எந்த வாரத்தில், எப்படி என்பதை மட்டும் முன்கூட்டியே யோசித்து ஏற்பாடு பண்ணிக்கொள்ள வேண்டும்.

உன் பயம் எங்கிருந்து வருகிறது என்று எனக்குப் புரிகிறது. குளோனாசெபாம், அல்பிரசோலாம், டயாசெபாம் எல்லாம் பென்சோடயாசெபைன் என்ற ஒரே வகை. மூளையை அமைதிப்படுத்தும் 'காபா' என்ற ரசாயனத்துக்குத் துணை நிற்பவை. நாள்பட எடுத்தால் மூளை அந்தத் துணைக்குப் பழகி, தானாக அமைதியாகும் திறனைக் குறைத்துக்கொள்ளும். மருந்து குறையும்போது அந்தத் திறன் திரும்ப நாளாகும். அதுவரை சின்னச் சத்தமும் பெரிதாகக் கேட்கும், நெஞ்சு அடித்துக்கொள்ளும், தூக்கம் போகும். எஸ்சிட்டாலோபிராம், பராக்ஸெட்டின் போன்ற மனச்சோர்வு மாத்திரைகளைக் குறைப்பவர்களுக்குத் தலைக்குள் கரண்ட் அடித்தது போல ஒரு வெட்டு வரும், கிறுகிறுக்கும்.

இப்போது ஊசி என்ன செய்யும் என்று பார். கை வலிக்கும். சிலருக்கு அன்று ராத்திரியோ மறுநாளோ லேசாகக் காய்ச்சல் அடிக்கும், உடம்பு முறிந்த மாதிரி இருக்கும். காய்ச்சல் 1 டிகிரி செல்சியஸ் ஏறினால் நாடித்துடிப்பு நிமிடத்துக்குச் சுமார் 10 கூடும். நோய் எதிர்ப்பு வேலை நடக்கும்போது உடம்பு சுரக்கும் ரசாயனங்கள் மனதையும் கொஞ்சம் அமுக்கும். டைஃபாய்டு தடுப்பூசி போட்டுக்கொண்ட நல்ல ஆரோக்கியமானவர்களுக்கே சில மணி நேரம் மனம் சோர்ந்துபோவதை பிரிட்டனில் ஆராய்ச்சியாளர்கள் பார்த்திருக்கிறார்கள். ஆக, படபடப்பு, வியர்வை, தூக்கமின்மை, மனச்சோர்வு என்று ஊசி தரும் தொந்தரவு மாத்திரையைக் குறைக்கும்போது வருகிற தொந்தரவைப் போலவே இருக்கும். ராத்திரி 2 மணிக்கு இரண்டையும் பிரித்துப் பார்க்கும் தெளிவு யாருக்கும் இருக்காது. "ஐயோ, திரும்ப வந்துடுச்சு" என்று ஒரு மாத்திரையைக் கூடுதலாகப் போட்டுக்கொள்வதோ, "ஊசி போட்டாச்சு, எதுக்கும் இன்னிக்கு மாத்திரை வேண்டாம்" என்று நிறுத்திவிடுவதோ அந்த நேரத்தில்தான் நடக்கும். இரண்டாவது ரொம்ப ஆபத்து. இந்த வகை மாத்திரையைத் திடீரென்று விட்டால் வலிப்பே வரலாம்.

அதனால் ஊசி போடும் வாரத்தில் டோஸை ஏற்றவும் வேண்டாம், இறக்கவும் வேண்டாம். கடைசியாகக் குறைத்து, அந்தத் தொந்தரவு அடங்கி, நாலு நாள் ஓரளவு சீராக இருக்கிறாயா? அதுதான் ஊசிக்கு நல்ல வாரம். ஊசிக்குப் பிறகும் உடம்பு பழைய நிலைக்கு வந்து ஒன்றிரண்டு வாரம் கழித்தே அடுத்த குறைப்பு, அதுவும் டாக்டரிடம் பேசிவிட்டு. இங்கிலாந்தின் நியூகாசிலில் 1982 முதல் 1994 வரை இந்த மாத்திரைகளை விடுபவர்களுக்காகவே ஒரு கிளினிக் நடத்திய பேராசிரியர் ஹெதர் ஆஷ்டன் இதைத்தான் வலியுறுத்தினார்: தேவைப்பட்டால் ஒரே டோஸில் சில வாரம் நின்றுகொள்ளலாம், பின்னால் மட்டும் போகாதே. நிற்பதைத் தோல்வி என்று நினைக்காதே. உன் வேகம் உன் உடம்பு சொல்கிற வேகம்.

சரி, எல்லாம் முடிந்து நன்றாக ஆன பிறகு போட்டுக்கொள்கிறேன் என்பாய். குறைத்து முடிக்கவே சிலருக்கு ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. அதற்குள் நிஜமான ஃப்ளூ வந்தால் ஒன்றிரண்டு நாள் காய்ச்சலோடு போகாது. நெஞ்சில் சளி கட்டினால் கூடவே ஆன்டிபயாட்டிக் வரும். அதில் சிப்ரோஃப்ளாக்சசின், லெவோஃப்ளாக்சசின் வகை உன் நிலைமையில் இருப்பவர்களுக்கு ஆகாது. நரம்பைக் கிளறும், வலிப்பு வாய்ப்பைக் கூட்டும். வேறு மாற்று இருக்கிறதா என்று எந்த டாக்டரிடமும் முதலிலேயே கேள். ஃப்ளூ ஊசி பலன் தர 2 வாரம் ஆகும் என்பதால் மழை பிடிப்பதற்கு முன்பே போட்டுவிடு.

மறுநாள் வேலை இல்லாத ஒரு நாளைப் பார்த்துக் காலையிலேயே போ. வெறும் வயிற்றோடு போகாதே. இட்லியோ கஞ்சியோ சாப்பிட்டுவிட்டு ஒரு பெரிய டம்ளர் தண்ணீர் குடி. வழக்கமான மாத்திரையை வழக்கமான நேரத்துக்கே போடு. எந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுப்பாயோ அந்தக் கையில் ஊசி வேண்டாம் என்று சொல்லிவிடு. தூக்கமே கஷ்டப்பட்டு வருகிற உனக்கு இது பெரிய விஷயம். ஊசியைப் பார்த்தாலே மயக்கம் வரும் என்றால் படுத்துக்கொண்டு போட்டுக்கொள்ளக் கேள், யாரும் மறுக்க மாட்டார்கள். தொடைத் தசையை இறுக்கி இறுக்கி விட்டால் ரத்த அழுத்தம் சட்டென்று விழாது. போட்டபின் அரை மணி நேரம் அங்கேயே உட்கார்.

அந்த அரை மணி நேரத்தில் நெஞ்சு படபடத்தால் பெரும்பாலும் அது பயம்தான். நிஜமான ஒவ்வாமை என்றால் உடம்பில் தடிப்புத் தடிப்பாக எழும், உதடோ முகமோ வீங்கும், மூச்சு இழுக்கும். எதுவாக இருந்தாலும் நர்ஸிடம் வாய்விட்டுச் சொல். இன்ன மாத்திரையைக் குறைத்துக்கொண்டிருக்கிறேன் என்பதையும் ஊசிக்கு முன்பே சொல்லிவிடு. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

காய்ச்சலுக்கும் கைவலிக்கும் வெறும் பாராசிட்டமால் போதும். முன்கூட்டியே போட வேண்டாம், தொந்தரவு வந்தால் போடு. ஒரு வேளைக்கும் அடுத்ததற்கும் 4 முதல் 6 மணி நேரம் இடைவெளி வேண்டும். ஒரு நாளில் 4 கிராமைத் தாண்டக் கூடாது, மெலிந்தவர்களுக்கும் கல்லீரல் கோளாறு உள்ளவர்களுக்கும் அதைவிடக் குறைவு. மருந்துக் கடையில் கொடுக்கிற ஜலதோஷ மாத்திரை வேண்டாம். அதிலும் பாராசிட்டமால் இருக்கும், கூடவே படபடப்பை ஏற்றுகிற சரக்கும் தூங்கவைக்கிற சரக்கும் இருக்கும். மனச்சோர்வு மாத்திரை எடுப்பவர்கள் டெக்ஸ்ட்ரோமெதார்ஃபன் உள்ள இருமல் சிரப்பையும் டிரமடாலையும் டாக்டரைக் கேட்காமல் தொடவே கூடாது.

ஊசி போட்ட நேரத்தை ஒரு தாளில் எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டு. காய்ச்சல், தூக்கம், படபடப்பு எப்படி என்று காலையிலும் மாலையிலும் ஒரு வரி குறித்துவை. ஊசியின் தொந்தரவு 1 முதல் 3 நாளில் அடங்கிவிடும். 3 நாள் தாண்டியும் காய்ச்சல் நீடித்தால் அது வேறு ஏதோ, டாக்டரிடம் போ. காய்ச்சல் போய்ப் படபடப்பு மட்டும் இன்னும் சில நாள் நீடிக்கலாம். அப்போதும் டோஸில் கை வைக்காமல் டாக்டருக்கு ஃபோன் பண்ணு. மாப்பிள்ளையிடமும் இதை முன்பே சொல்லிவை, அந்த இரண்டு நாள் சமையலும் பிள்ளைகளும் அவர் பொறுப்பு.

அம்மாவுக்கு அக்கி தடுப்பூசி போடும்போது உனக்கு ஒன்று ஞாபகம் இருக்கட்டும். அது 50 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு, 2 முதல் 6 மாத இடைவெளியில் 2 தவணை. ஃப்ளூ ஊசியைவிட உடம்பைக் கூடுதலாகப் படுத்தும். அம்மாவும் தூக்க மாத்திரையைக் குறைக்கிறார் அல்லவா, இரண்டு ஊசியையும் ஒரே நாளில் போடலாம் என்றாலும் தனித்தனியாகப் போடுவதே நல்லது என்பேன்.

பிரெட்னிசோலோன் போன்ற ஸ்டீராய்டைக் குறைப்பவர்களுக்கு மட்டும் நான் சொன்னது பொருந்தாது. நாள்பட ஸ்டீராய்டு எடுத்த உடம்பு தன் கார்ட்டிசோல் சுரப்பைக் குறைத்திருக்கும். காய்ச்சல் வந்தால் டோஸைக் கொஞ்சம் ஏற்றவேண்டி வரலாம், அதை ஊசிக்கு முன்பே டாக்டரிடம் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். தினம் 20 மில்லிகிராமோ அதற்கு மேலோ 2 வாரத்துக்கு மேல் எடுத்தவர்கள் எம்எம்ஆர், சின்னம்மை, மஞ்சள் காய்ச்சல் போன்ற உயிருள்ள கிருமி ஊசிகளை, மருந்தை நிறுத்திக் குறைந்தது ஒரு மாதம் ஆகாமல் போடக் கூடாது. ஃப்ளூ ஊசிக்கு அந்தத் தடை இல்லை.

நல்ல வாரம் பார்த்துப் போடு என்றேனே, நாய்க்கடிக்கு அது கிடையாது. எந்த மாத்திரையில் எந்த நிலையில் இருந்தாலும், காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றே அரசு மருத்துவமனைக்குப் போ. வெறிநோய் வந்தபின் காப்பாற்ற வழியில்லை.

வலிப்பு, குழப்பமான பேச்சு, இல்லாதது தெரிவது, மூச்சுத் திணறல் எது வந்தாலும் ஊசியா மாத்திரையா என்று ஆராய வேண்டாம், 108ஐ அழைக்கச் சொல். உயிரை விட்டுவிடலாமா என்று மனசு போனால் 14416, டெலி மானஸ், எந்நேரமும் தமிழிலேயே பேசலாம். எனக்கும் கூப்பிடு, எத்தனை மணியானாலும்.