பழைய இசைத்தட்டுகளை அடையாளம் காண்பது எப்படி?



பிழைப்புத் தேடி வெளியூர் வந்த நம் குடும்பங்கள் பலவற்றில், ஊரில் இருக்கும் பழைய வீட்டை ஒழித்துக் கொடுக்கும் நாள் ஒன்று வருகிறது. பாத்திரம், கட்டில், பீரோ எல்லாவற்றையும் பங்கு பிரித்துக்கொள்பவர்கள், பரணில் கிடக்கும் இசைத்தட்டுகளை மட்டும் பழைய பேப்பர்காரரிடம் எடைக்குப் போட்டுவிடுகிறார்கள். மறுபக்கம், இசைத்தட்டுக்கு மீண்டும் மவுசு வந்திருப்பதைக் கேள்விப்பட்டு, பிற்காலத்து மறுபதிப்பை முதல் பதிப்பு என்று நம்பி நகரத்துக் கடைகளில் ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்குகிறவர்களும் உண்டு. இரண்டு நட்டத்துக்கும் காரணம் ஒன்றே. தட்டைக் கேட்கத் தெரிந்த நமக்கு, தட்டைப் படிக்கத் தெரியவில்லை. அந்தப் படிப்பின் அரிச்சுவடிதான் இந்தக் கட்டுரை.

பாலக்காடு மாவட்டம் சித்தூர் வட்டத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டியுள்ள எருத்தேன்பதி என் ஊர். மாநிலம் கேரளம், வீட்டில் பேச்சு தமிழ். சந்தைக்குக் கொழிஞ்சாம்பாறை, பெரிய சாமான்களுக்குப் பொள்ளாச்சி என்று இரண்டு பக்கமும் கால் வைத்து வாழ்கிற ஊர். எங்கள் பகுதியில் இசைத்தட்டுகள் அதிகம் மிஞ்சியிருப்பது வசதியான வீடுகளில் மட்டுமல்ல. கலியாணத்துக்கும் மாரியம்மன் நோம்பிக்கும் கூம்பு ஒலிபெருக்கி கட்டிய மைக்செட்காரர்களின் தகரப் பெட்டிகளிலும்தான். அப்படிச் சில பெட்டிகளைத் திறந்து தட்டு தட்டாகக் குறித்து வைத்ததில் நான் கற்றுக்கொண்டதைச் சொல்கிறேன்.

தட்டு எதனால் ஆனது?

முதலில் பொருளைப் பாருங்கள். நிமிடத்துக்கு 78 முறை சுழலும் பழைய தட்டு அரக்கால் ஆனது. மரக்கிளைகளில் ஒருவகைப் பூச்சி சுரக்கும் அரக்கே இதன் பசை. அதோடு கல்பொடி, கரி முதலியவற்றைக் கலந்து, சூடாக்கி அழுத்தினார்கள். உலகத்துக்கு அரக்கு கொடுத்ததில் இந்தியாவுக்கே முதலிடம். இரண்டாம் உலகப் போரில் அரக்கு தட்டுப்பட்டதால், 1942இல் அமெரிக்க அரசு இசைத்தட்டுக்கு அரக்கைப் பயன்படுத்தக் கட்டுப்பாடு விதித்தது.

அரக்குத் தட்டு கனமானது, வளையாது, கீழே விழுந்தால் ஓடு போல உடையும். பத்து அங்குலத் தட்டில் ஒரு பக்கத்துக்கு ஏறக்குறைய மூன்று நிமிடம்தான் பாட்டு. 1948இல் அமெரிக்காவில் கொலம்பியா நிறுவனம் வினைல் என்ற பிளாஸ்டிக்கில் 33 சுற்று எல்.பி. தட்டை வெளியிட்டது. அடுத்த ஆண்டு ஆர்.சி.ஏ. நிறுவனம் 45 சுற்றுச் சிறு தட்டைக் கொண்டுவந்தது. நம் வீடுகளில் இருக்கும், பக்கத்துக்கு இரண்டு பாட்டுள்ள ஏழு அங்குல ஈ.பி. தட்டு இந்த 45 சுற்று வகை. வினைல் தட்டு சற்று வளையும், எடை குறைவு, இரைச்சலும் குறைவு.

தட்டு எங்கே பிறந்தது?

பாடியது ஓரிடம், அச்சானது வேறிடம் என்பதே இந்தத் தொழிலின் தொடக்கம். 1902இல் பிரெட் கெய்ஸ்பர்க் என்ற ஒலிப்பதிவாளர் லண்டன் கிராமபோன் கம்பெனிக்காகக் கல்கத்தா வந்து கௌஹர் ஜான் முதலியவர்களின் பாட்டைப் பதிவு செய்தார். பதிவுகள் கப்பலேறி ஜெர்மனியின் ஹனோவர் நகருக்குப் போய், அங்கே அச்சாகி இந்தியாவுக்குத் திரும்பின. பாட்டு முடிந்ததும் பாடகர் தம் பெயரைத் தாமே சொல்வது அக்காலத் தட்டுகளில் உண்டு. மொழி தெரியாத அச்சுத் தொழிலாளி சரியான லேபிளை ஒட்டுவதற்கு அது உதவியது.

1908இல் கல்கத்தாவின் சியால்தாவில் தொழிற்சாலை ஏற்பட்டது. 1928இல் டம்டம் என்ற இடத்தில் பெரிய ஆலை எழுந்தது. நாய்ப் படம் போட்ட எச்.எம்.வி. தட்டுகளில் தமிழ், மலையாளம், வங்காளம் என எல்லா மொழியும் அங்கேதான் அச்சாயின. பாலக்காட்டுக் கோட்டாயியைச் சேர்ந்த செம்பை வைத்தியநாத பாகவதரின் குரலும் தட்டில் ஏறியது இந்தக் காலத்தில்தான்.

எல்லாத் தட்டும் டம்டம் தட்டு என்று நினைத்துவிட வேண்டாம். காரைக்குடி ஏ.வி. மெய்யப்பச் செட்டியார் 1930களில் கூட்டாளிகளுடன் சென்னையில் தொடங்கிய சரஸ்வதி ஸ்டோர்ஸ், ஜெர்மனியின் ஒடியன் நிறுவனத்துடன் சேர்ந்து தமிழ்த் தட்டுகளை வெளியிட்டது. அந்தத் தட்டுகள் ஜெர்மனியிலிருந்து வந்தன. பிற்காலத்து ஏவி.எம். படநிறுவனத்தின் வேர் இந்த இசைத்தட்டு வியாபாரமே. பம்பாயில் உள்நாட்டு முதலீட்டில் ‘யங் இந்தியா’ என்ற லேபிளும் இருந்தது. ஆகவே தட்டின் நடுவில் ஜெர்மனி என்றிருந்தால் அதைத் தனியே எடுத்து வையுங்கள்.

அச்சு எப்படி எடுக்கப்படுகிறது?

பாட்டு முதலில் மெழுகுத் தட்டில் கோடாக வெட்டப்படும். பிற்காலத்தில் மெழுகுக்குப் பதில், வார்னிஷ் போன்ற பூச்சுள்ள அலுமினியத் தட்டு வந்தது. இந்த மூலத்தின்மேல் உலோக முலாம் ஏற்றிப் பிரித்தால் ஒரு தலைகீழ் அச்சு கிடைக்கும். அதிலிருந்து ‘தாய்’ எனப்படும் தட்டு, தாயிலிருந்து அழுத்தும் அச்சு என்று படிப்படியாக எடுப்பார்கள். இரண்டு பக்கத்துக்கும் இரண்டு அச்சுகளை வைத்து, நடுவில் சூடான கலவையையும் லேபிளையும் இட்டு அழுத்தினால் தட்டு தயார். லேபிள் பின்னால் ஒட்டப்படுவதல்ல, தட்டோடு சேர்ந்தே பதிவது.

அழுத்தும் அச்சு என்றைக்கும் உழைக்காது. ஏறக்குறைய ஆயிரம் தட்டுக்குமேல் அழுத்தினால் தேயத் தொடங்கும். அதனால் நன்றாக விற்ற பாட்டுக்குப் புதிய அச்சுகள் மாறி மாறி வரும். ஒரே பாட்டு, ஒரே எண் கொண்ட இரண்டு தட்டுகள் வேறு வேறு மாதிரி ஒலிப்பதற்கு இது ஒரு காரணம்.

பாட்டுக் கோடு முடிந்து லேபிள் தொடங்குமுன் வெறுமையாக ஒரு வளையம் இருக்கும். தட்டைச் சாய்த்து வெளிச்சத்தில் பார்த்தால் அங்கே கீறியோ குத்தியோ வைத்த எண்கள் தெரியும். அது மூல எண். லேபிளில் இருப்பது விற்பனை எண். மூல எண் பதிவைச் சேர்ந்தது. பெயர் ஒன்றாக இருந்து மூல எண் வேறாக இருந்தால், அதே பாட்டைத் திரும்பப் பாடிப் பதிந்திருக்கலாம், அல்லது பழைய பதிவிலிருந்து புதிதாக வெட்டியிருக்கலாம். இரண்டையும் போட்டுக் கேட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும்.

லேபிளைப் படித்தல்

முதல் விதி: பாட்டின் வயது வேறு, தட்டின் வயது வேறு. 1952இல் வெளிவந்த படத்தின் பாட்டு என்பதால் கையில் இருப்பது 1952ஆம் ஆண்டுத் தட்டு ஆகிவிடாது.

தட்டின் வயதை அறிய நிறுவனத்தின் பெயரே நல்ல சாட்சி. டம்டம் ஆலையை நடத்திய நிறுவனம் 1946இல் இந்தியக் கம்பெனியாகப் பதிவாயிற்று. 1968இல்தான் ‘தி கிராமபோன் கம்பெனி ஆஃப் இந்தியா’ என்று பெயர் மாறியது. 2000ஆம் ஆண்டில் ‘சரிகம’ ஆயிற்று. எனவே ‘ஆஃப் இந்தியா’ என்று அச்சான தட்டு, உள்ளே எவ்வளவு பழைய பாட்டு இருந்தாலும், 1968க்கு முந்தியதாக இருக்காது. விற்பவர் ‘முதல் பதிப்பு’ என்று சொன்னால் இந்த ஒரு வரியைத் தேடிப் படியுங்கள்.

படத்தையும் பாருங்கள். மிகப் பழைய கிராமபோன் தட்டுகளில் நாய் இருக்காது, உட்கார்ந்து எழுதும் சிறகு முளைத்த தேவதை இருக்கும். கொலம்பியா தட்டில் இரட்டை இசைக்குறி இருக்கும். 1931இல் எச்.எம்.வி.யும் கொலம்பியாவும் லண்டனில் இ.எம்.ஐ. என்ற ஒரே குடைக்குள் வந்துவிட்டன. ஆகவே பிற்காலத்தில் லேபிள் வேறாக இருந்தாலும் ஆலை ஒன்றே. நிறத்தை மட்டும் நம்ப வேண்டாம். ஒரே நிறம் பல ஆண்டுகள் ஓடியிருக்கிறது.

எல்.பி. தட்டில் எண்ணுக்கு முன்னுள்ள எழுத்துகளைக் கவனியுங்கள். எச்.எம்.வி.யில் ஈ.சி.எல்.பி. என்றால் மோனோ, ஈ.சி.எஸ்.டி. என்றால் ஸ்டீரியோ. 1950களில் மோனோவாகப் பதிந்த பாட்டு ஸ்டீரியோ லேபிளில் இருந்தால், அது ஒரே ஒலியை இரண்டாகப் பிரித்துக் காட்டிய செயற்கை ஸ்டீரியோ என்று கொள்ளலாம். காதுக்குச் சற்றே அகலமாகக் கேட்கும். பழமையை விரும்புகிறவர்களுக்கு மோனோவே மேல்.

1963இல் வெளிவந்த எம்.எஸ். சுப்புலட்சுமியின் வேங்கடேச சுப்ரபாதம் எல்.பி. நல்ல உதாரணம். அது திரும்பத் திரும்ப அச்சாகி வந்ததால், இரண்டு வீட்டுத் தட்டுகளை அருகருகே வைத்து நிறுவனப் பெயர், மூல எண், கனம் மூன்றையும் ஒப்பிட்டுப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கலாம்.

ஒரே பாட்டு, மூன்று தட்டு

எங்கள் ஊர் மைக்செட் பெரியவர் ஒருவரின் பெட்டியில் ஒரே படப் பாட்டு மூன்று தட்டுகளில் இருந்தது. ஒன்று 78, ஒன்று ஈ.பி., மூன்றாவது பல படப் பாட்டுகளைத் தொகுத்த எல்.பி. “ஏனுங் தம்பி, மூணும் ஒரே பாட்டுத்தானுங்களே, நல்லா இருக்கறதை வெச்சுட்டு மத்ததைப் போட்டறலாமுங்களா?” என்று கேட்டார்.

நான் அவருக்குச் சொன்னது இதுதான். 78 தட்டு, படம் வந்த காலத்தில் சனங்கள் கேட்ட வடிவம். மூன்று நிமிடத்தில் அடக்க வேண்டியிருந்ததால், படத்தில் உள்ள சரணம் தட்டில் இல்லாமலும் போகும், நீண்ட பாட்டு இரண்டு பக்கமாக உடைந்தும் வரும். ஈ.பி., பிளேயர் வாங்கிய குடும்பங்களின் வடிவம். எல்.பி. தொகுப்பு, பழைய பாட்டு என்று தேடிக் கேட்டவர்களுக்கு வந்த வடிவம். மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் ஒரு பாட்டு நம் ஊருக்குள் எத்தனை காலம் புழங்கியது என்ற கணக்கு கிடைக்கிறது. ஒன்றை எறிந்தால் அந்தக் கணக்கில் ஓர் ஏடு போகிறது.

இதே காரணத்தால்தான் வெளிநாட்டார் நம் 78 தட்டுகளைத் தேடுகிறார்கள். மேல்நாடுகளில் 78 நின்றுபோன பிறகும், 1960களில் டம்டம் ஆலை அதை அச்சிட்டது. மின்சாரம் வராத ஊர்களில் சாவி கொடுத்து ஓட்டும் கிராமபோன் இருந்ததே அதற்குக் காரணம். இங்கிலாந்தின் பீட்டில்ஸ் குழுவின் பாட்டுகள்கூட இந்தியாவில் 78 தட்டாக வந்தன. அவை இன்று சேகரிப்பாளர்களிடம் பெரும் விலை போகின்றன.

விலையைவிட முக்கியமான ஒன்று உண்டு. பிரபலமான பாட்டுகள் காசெட், குறுந்தகடு, கணினி என்று எல்லாவற்றிலும் ஏறிவிட்டன. நாடகப் பாட்டு, நகைச்சுவைப் பேச்சு, ஒன்றிரண்டு தட்டோடு நின்றுபோன பாடகர்கள் ஆகியவை பல சமயம் அந்த அரக்குத் தட்டில் மட்டுமே இருக்கின்றன. ஒடியன், யங் இந்தியா தட்டுகளைப் பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு கணினியில் ஏற்றியபோது, அவை பெரும்பாலும் கிடைத்தது தனி மனிதர்களின் சேகரிப்புகளிலிருந்துதான். நம் பரணும் அப்படி ஒன்றாக இருக்கலாம்.

பாதுகாக்கும் முறை

1. தட்டுகளை நிமிர்த்தி வையுங்கள். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் வினைல் வளையும், அரக்கு விரியும்.

2. அரக்குத் தட்டை ஸ்பிரிட் போட்டுத் துடைக்கக் கூடாது. அரக்கு ஸ்பிரிட்டில் கரையும், பாட்டும் கூடவே போகும். சற்றே ஈரமான மெல்லிய துணியால், லேபிள் நனையாமல், கோட்டின் போக்கில் துடைத்து உடனே உலர்த்துங்கள்.

3. 78 தட்டுக்கு அகலமான ஊசி, ஏறக்குறைய மூன்று ‘மில்’, அதாவது அங்குலத்தில் ஆயிரத்தில் மூன்று பங்கு. எல்.பி.க்கு ஒரு மில் அல்லது அதற்கும் குறைவு. ஊசி மாறினால் தட்டும் கெடும், ஒலியும் வராது.

4. சாவி கிராமபோனில் வினைல் தட்டைப் போடவே கூடாது. அதன் இரும்பு ஊசி ஒரே ஓட்டத்தில் கோட்டை அரித்துவிடும். அரக்குத் தட்டுக்கும் பக்கத்துக்கு ஒரு புது ஊசி என்பதே விதி.

5. விற்பதானாலும் கொடுப்பதானாலும், முன்பே ஒரு நோட்டில் லேபிள் பெயர், விற்பனை எண், மூல எண், பாடகர், பாட்டு, நிறுவனப் பெயர், உறையில் யாரேனும் எழுதிய தேதி ஆகியவற்றைக் குறித்துவிடுங்கள். தட்டு போனாலும் குறிப்பு மிஞ்சும்.

வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது ஒரு மாலை நேரத்தை இதற்கு ஒதுக்குங்கள். தமிழ் எழுத்துக் கூட்டிப் படிக்கும் பிள்ளைகளையும் கூட உட்கார வையுங்கள். லேபிளில் உள்ள பெயர்களை அவர்கள் படிக்கட்டும், அந்தப் பாட்டை முதலில் எங்கே கேட்டார்கள் என்பதைப் பெரியவர்கள் சொல்லட்டும். எழுதிய குறிப்பை நம் சங்கத்துக்கு அனுப்பினால், எந்தெந்த வீட்டில் என்னென்ன தட்டு இருக்கிறது என்று ஒரு பட்டியல் போட்டுவிடலாம். எடைக்குப் போகும் தட்டுகளில் பத்தைத் தடுத்தாலும் அது பயனுள்ள வேலையே.