கசாண்ட்ரா யார்?

கேள்வி: மேலைநாட்டுப் பெண்கள் பலருக்கு 'கசாண்ட்ரா' என்று பெயர் இருக்கிறதே, அது எங்கிருந்து வந்தது?

பதில்: கிரேக்கப் புராணத்திலிருந்து. ட்ராய் மன்னன் பிரியாமின் மகள் அவள். அவள்மீது ஆசைகொண்ட கடவுள் அப்போலோ, வருவதுரைக்கும் வரம் தந்தான். அவள் இணங்க மறுத்ததும், அவள் வாக்கை எவரும் நம்பாதபடி சபித்தான். வீரர்களை உள்ளே ஒளித்துக் கிரேக்கர்கள் விட்டுச்சென்ற மரக்குதிரையை நகருக்குள் இழுத்துவராதீர்கள் என்று அவள் கதறியும் யாரும் கேட்கவில்லை; ட்ராய் எரிந்தது. கி.மு. 458-இல் மேடையேறிய எஸ்கிலஸின் 'அகமெம்னான்' நாடகத்தில் தன் சாவையே முன்னறிந்து பேசுகிறாள். 1983-இல் ஜெர்மன் எழுத்தாளர் கிறிஸ்டா வோல்ஃப் அவளையே கதைசொல்லியாக்கி நாவல் எழுதினார். ஆங்கில நாவலாசிரியர் ஜேன் ஆஸ்டினின் அக்கா பெயரும் கசாண்ட்ராதான். சரியாக எச்சரித்தும் நம்பப்படாதவர்களை இன்றும் இப்பெயரால் அழைக்கிறார்கள். துயரக் கதைதான்; ஆனாலும் உண்மையை விடாமல் சொன்னவளின் பெயர், மகளுக்குத் தாராளமாகச் சூட்டலாம்.