ஒரு வரிக்கு மூன்று வாசிப்பு: வேதியியல் ஆசிரியர் தேர்வுக்கு வீட்டிலிருந்தே தயாராவோம்

எம்.எஸ்சி. வேதியியலும் பி.எட்.டும் முடித்துவிட்டு, அரசுப் பள்ளி முதுகலை ஆசிரியர் பணிக்குக் காத்திருப்பவரா நீங்க? கடலூர், சிதம்பரம், விருத்தாசலம், காட்டுமன்னார்கோவில் பக்கம் இப்படிப் பலர் இருக்காங்க. தனியார் பள்ளியில் பகல் முழுக்கப் பாடம் எடுத்துவிட்டு, இரவில்தான் புத்தகத்தைத் திறக்க முடிகிறது. சென்னையில் அறை எடுத்துத் தங்கி, பணம் கட்டிப் பயிற்சி வகுப்பில் சேர எல்லோருக்கும் வசதி கிடையாது. கையில் இருப்பது ஒரு செல்போனும் தினம் இரண்டு மணி நேரமும்தான் என்றால், அதை எப்படிப் பயன்படுத்துவது? அதுதான் இந்த மாதப் பாடம்.

கைடு மட்டும் போதுமா?

ஆசிரியர் தேர்வு வாரியம் நடத்தும் முதுகலை ஆசிரியர் தேர்வின் முதன்மைத் தாளில் 150 கேள்விகள். அதில் பாடத்துக்கு 110, கல்வி முறையியலுக்கு 30, பொது அறிவுக்கு 10. தமிழ்த் தகுதித் தேர்வு தனி. ஆகவே, உங்க இடத்தைப் பெரும்பாலும் தீர்மானிப்பது அந்த 110 கேள்விகள்.

தேர்வு முடிந்ததும் வாரியம் தற்காலிக விடைக்குறிப்பை வெளியிடும். ஒரு விடை தவறு என்று நினைத்தால் நீங்க ஆட்சேபம் தெரிவிக்கலாம். ஆனால் தரமான பாடநூலின் பக்கத்தைத்தான் ஆதாரமாகக் காட்ட வேண்டும். கைடும் பயிற்சி மைய நோட்ஸும் ஆதாரமாக ஏற்கப்படாது. ஒரே ஒரு மதிப்பெண்ணில் வேலை கைநழுவிப் போகும் தேர்வு இது. கைடை மட்டும் படித்தவருக்கு எந்தப் புத்தகத்தில் எந்தப் பக்கத்தைத் தேடுவது என்றே தெரியாது. பாடநூலைப் படித்தவர் அரை மணி நேரத்தில் பக்கத்தை எடுத்துவிடுவார்.

கைடை வேண்டாம் என்று சொல்லவில்லை. கடைசி மாதத் திருப்புதலுக்கு அது உதவும். அதிலேயே தொடங்கி அதிலேயே முடிப்பதுதான் ஆபத்து.

மூன்று வாசிப்பு என்றால் என்ன?

பாடத்திட்டத்தைப் பதிவிறக்கி, அதில் ஒரு வரியை எடுத்துக்கொள்ளுங்க. அந்த ஒரு வரிக்கு மூன்று இடங்களில் படிங்க.

1. பள்ளிப் பாடநூல். தமிழ்நாடு அரசின் 11, 12ஆம் வகுப்பு வேதியியல் நூல்கள். அடிப்படையும் தமிழ்க் கலைச்சொல்லும் இங்கே கிடைக்கும்.

2. கல்லூரித் தர நூல். இயற்பிய வேதியியலுக்கு அட்கின்ஸ் அல்லது பூரி–சர்மா–பதானியா, கனிம வேதியியலுக்கு ஜே.டி. லீ அல்லது ஹூஹே, கரிம வேதியியலுக்கு மோரிசன்–பாய்டு அல்லது கிளேடன். எல்லாவற்றையும் வாங்க வேண்டாம். பிரிவுக்கு ஒன்று போதும்.

3. பக்கத்துப் பாடம். அதே கருத்து வேறு எந்தப் பிரிவில், எந்தத் தொழிலில் வருகிறது என்று தேடிப் படிப்பது. பலரும் விட்டுவிடுவது இதைத்தான். சுற்றி வளைத்துக் கேட்கும் கேள்விகளுக்குப் பதில் பெரும்பாலும் இங்கேதான் கிடைக்கும்.

நம்ம ஊர் கரும்பை வைத்தே பார்ப்போம்

கடலூர் பக்கத்தில் நெல்லிக்குப்பம் சர்க்கரை ஆலை உங்களுக்குத் தெரியும். பாரி நிறுவனம் 1842லேயே தொடங்கிய ஆலை அது. வெட்டிய கரும்பைச் சீக்கிரம் ஆலைக்குக் கொண்டுபோகணும், தாமதமானால் சர்க்கரை குறையும் என்று விவசாயிகள் சொல்வாங்க. காரணம் என்ன? கரும்பில் உள்ள சுக்ரோஸ், நீருடன் வினைபுரிந்து குளுக்கோஸாகவும் ஃப்ரக்டோஸாகவும் உடைகிறது. இன்வர்டேஸ் நொதியும் அமிலமும் இதை வேகப்படுத்தும். சாற்றில் சுண்ணாம்புப் பால் சேர்ப்பதற்கு ஒரு காரணம் அந்த அமிலத்தைச் சமன்செய்வதுதான்.

இப்போ மூன்று வாசிப்பையும் இதில் பொருத்திப் பாருங்க.

12ஆம் வகுப்பு முதல் தொகுதியில் வேதிவினை வேகவியல் பாடம் இருக்கிறது. நீர் மிக அதிகமாக இருப்பதால் அதன் செறிவு மாறுவதாகத் தெரியாது. ஆகவே இது போலி முதல் வகை வினை. அரை வாழ் காலம் தொடக்கச் செறிவைப் பொறுத்ததல்ல.

கல்லூரி நூலுக்குப் போனால், 1850இல் ஜெர்மனியின் வில்ஹெல்மி இதே வினையின் வேகத்தைத்தான் அளந்தார் என்று தெரியும். சுக்ரோஸ் கரைசல் தளமுனைவுற்ற ஒளியை வலப்பக்கம் திருப்பும். உடைந்தபின் கிடைக்கும் கலவை இடப்பக்கம் திருப்பும். ஏனென்றால் குளுக்கோஸின் வலஞ்சுழற்சியைவிட ஃப்ரக்டோஸின் இடஞ்சுழற்சி அதிகம். அதனால்தான் இதற்கு ‘எதிர்மாற்றம்’ என்று பெயர்.

பக்கத்துப் பாடம் கார்போஹைட்ரேட். சுக்ரோஸில் குளுக்கோஸின் முதல் கார்பனும் ஃப்ரக்டோஸின் இரண்டாம் கார்பனும் கிளைகோசைடு பிணைப்பில் மாட்டிக்கொள்கின்றன. ஆகவே சுக்ரோஸ் ஃபெலிங் கரைசலை ஒடுக்காது. உடைந்தபின் ஒடுக்கும்.

சரி, ஒரு கேள்வி. *போலாரிமீட்டரில் தொடக்க அளவு +30 டிகிரி, வினை முழுதும் முடிந்தபின் –10 டிகிரி. அரை வாழ் காலம் 2 மணி நேரம். அளவு எப்போது சுழியாகும்?*

‘பூஜ்யம் என்றால் பாதி வினை, ஆகவே 2 மணி நேரம்’ என்று அவசரப்பட்டால் மதிப்பெண் போச்சு. மொத்த மாற்றம் +30இலிருந்து –10 வரை, அதாவது 40 டிகிரி. சுழிக்கு வரும்போது 30 டிகிரி மாறியிருக்கிறது. 40இல் 30 என்றால் 75 சதவீதம். முதல் அரை வாழ் காலத்தில் 50, இரண்டாவதில் இன்னொரு 25. ஆக, விடை 4 மணி நேரம். பாதி வினை முடியும்போது அளவு +10 டிகிரி.

சூத்திரம் மட்டும் தெரிந்தவர் திணறும் இடம் இது. முடிவில் அளவு ஏன் எதிர்க்குறிக்குப் போகிறது என்று படித்தவருக்கு ஒரு நிமிடம் போதும். ஒரு கரும்பை வைத்து வேகவியல், முப்பரிமாண வேதியியல், உயிரியல் மூலக்கூறுகள், நொதி என நான்கு பாடத்தைத் தொட்டுவிட்டோம்.

இதேபோல் நெய்வேலி நிலக்கரியை எடுங்க. பழுப்பு நிலக்கரியில் ஏறத்தாழ பாதி எடை ஈரம். ஒரு கிலோவில் அரை கிலோ நீர் என்று வைத்தால், 100 டிகிரியில் அதை ஆவியாக்க மட்டும் சுமார் 1,130 கிலோஜூல் வேண்டும். இதில் வெப்ப இயக்கவியல் வந்துவிட்டது. கடலூர் துறைமுகத்தில் துருப்பிடிக்கும் இரும்பைப் பார்த்தால் மின்வேதியியல். பட்டியலை நீங்களே நீட்டலாம்.

சிதம்பரத்தில் பிறந்த ஒருவர்

2009இல் வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட மூவரில் வெங்கி ராமகிருஷ்ணன் ஒருவர். 1952இல் சிதம்பரத்தில் பிறந்தவர். அவர் முனைவர் பட்டம் வாங்கியது இயற்பியலில், 1976இல். அதன்பிறகு அமெரிக்காவில் மறுபடியும் மாணவராகச் சேர்ந்து உயிரியல் படித்தார். செல்லுக்குள் புரதம் தயாரிக்கும் ரைபோசோமின் அமைப்பைக் கண்டறிந்ததற்குத்தான் பரிசு. இயற்பியல் படித்தவர், உயிரியல் பொருளை ஆராய்ந்து, வேதியியலில் பரிசு வாங்கினார். பாடங்களுக்கு நடுவே நாம் நினைக்கிற அளவுக்குப் பெரிய சுவர் இல்லை.

செல்போனில் இலவசமாக என்னென்ன?

- தமிழ்நாடு அரசின் பாடநூல்கள் பி.டி.எஃப். வடிவில். தமிழ், ஆங்கிலம் இரண்டையும் இறக்கி வைங்க.
- என்.பி.டி.இ.எல்., ஸ்வயம் தளங்களில் ஐ.ஐ.டி. பேராசிரியர்களின் வேதியியல் வகுப்புகள். பார்க்கக் கட்டணம் இல்லை. சான்றிதழ்த் தேர்வுக்குத்தான் கட்டணம்.
- இந்தியத் தேசிய மின்னூலகம்.
- மாவட்ட வேலைவாய்ப்பு மற்றும் தொழில்நெறி வழிகாட்டும் மையத்தின் தன்னார்வ பயிலும் வட்டம். எந்தத் தேர்வுகளுக்கு வகுப்பு நடக்கிறது என்று நேரில் கேளுங்க.
- விலை அதிகமான நூல்களுக்குக் கடலூர் மாவட்ட மைய நூலகத்திலோ உங்க ஊர்க் கிளை நூலகத்திலோ முதலில் விசாரிங்க.

வாரத்துக்கு ஒரு கணக்கு

திங்கள் முதல் வியாழன் வரை நாளுக்கு ஒரு வரி, மூன்று வாசிப்பு. வெள்ளிக்கிழமை கல்வி முறையியல். சனிக்கிழமை பழைய வினாத்தாள். ஞாயிறு அன்று தவறான விடைகளை மட்டும் திரும்பப் படிங்க. ஒவ்வொரு வரிக்கும் ஒரு பக்கக் குறிப்பு எழுதி, அதன் மூலையில் நூலின் பெயர், பதிப்பு, பக்க எண் குறித்து வைங்க. நாளைக்கு ஆட்சேபம் தெரிவிக்க வேண்டியிருந்தால் அந்த மூலைக் குறிப்புதான் கைகொடுக்கும்.

ஒரு எச்சரிக்கை. மூன்றாவது வாசிப்பு சுவையானது, நேரத்தை விழுங்கிவிடும். முப்பது நிமிடத்துக்கு மேல் போகாதீங்க. பாடத்திட்ட வரியை விட்டு விலகினால் அங்கேயே நிறுத்திடுங்க.

நெட் தேர்வு எழுதுபவர்களுக்கும் இதே வழி பொருந்தும். வேதி அறிவியல் தாளின் மூன்றாம் பகுதியில் 60 கேள்விகளில் 25ஐ மட்டும் எழுதினால் போதும். சரியான விடைக்கு 4 மதிப்பெண், தவறினால் ஒன்று குறையும். எதைத் தொடணும், எதை விடணும் என்று முடிவு செய்ய ஆழமான வாசிப்பு தேவை.

தேர்வுத் தேதி, வயது வரம்பு, கட்டணம் எதுவானாலும் வாரியத்தின் அதிகாரப்பூர்வ இணையதளத்தில் மட்டும் பாருங்க. முகவரி ‘கவ் டாட் இன்’ என்று முடிகிறதா என்று கவனிங்க. வாட்ஸ்அப்பில் வரும் ‘வேலை உறுதி, முன்பணம் கட்டுங்கள்’ செய்தியை நம்பி ஒரு ரூபாய்கூட அனுப்பாதீங்க.

இன்று இரவே பாடத்திட்டத்தை இறக்கி, முதல் வரியை எடுங்க. நாளைக்கு உங்க வகுப்பில் ஒரு மாணவி, ‘கரும்பு ஏன் சார் சீக்கிரம் புளிக்குது?’ என்று கேட்கும்போது சொல்லப்போகும் பதிலும் அந்த வாசிப்பில்தான் இருக்கிறது.