மாதவிடாய் வலியும் யோக சிகிச்சையும்

மாதவிடாய் பெண்ணின் உடலில் நிகழும் இயல்பான செயல். ஆனால், மாதந்தோறும் ஒரு பெண்ணைப் படுக்கையில் வீழ்த்தும் வலி இயல்பானதன்று. நம் இல்லங்களில் இவ்விரண்டையும் ஒன்றாகவே கருதி வந்துள்ளோம். "பெண்ணாய்ப் பிறந்தால் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும்" என்று பாட்டி தாய்க்குச் சொன்னாள். தாய் மகளுக்குச் சொல்கிறாள். யோகம் போதிப்பது இத்தகைய பொறுமையை அன்று. வரவிருக்கும் துன்பத்தை முன்கூட்டியே விலக்கிக்கொள்ள வேண்டும் என்பதே பதஞ்சலி முனிவரின் கருத்து. அந்த நோக்கில் மாதவிடாய் வலிக்கு யோகம் எவ்வாறு துணை செய்கிறது, எங்கே அதன் எல்லை முடிகிறது என்பதை இங்கே காண்போம்.

தீவுகளில் வாழும் நம் சகோதரிகள்

அந்தமான் நிக்கோபார் தீவுக்கூட்டம் வடக்கிலிருந்து தெற்காக 700 கிலோமீட்டருக்கும் மேல் பரந்து கிடக்கிறது. போர்ட் பிளேயர் என்று நாம் அறிந்திருந்த தலைநகருக்கு 2024ஆம் ஆண்டில் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் சூட்டப்பட்டது. அங்கும், ஹட்பேயிலும், தென்கோடியில் கேம்பல்பேயிலும் தமிழ்க் குடும்பங்கள் உண்டு. 1964ஆம் ஆண்டின் சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய தமிழர்களில் சிலர், 1970களில் கச்சால் தீவின் ரப்பர்த் தோட்டத்தில் குடியமர்த்தப்பட்டனர்.

கேம்பல்பேயிலிருந்து தலைநகருக்குக் கடல்வழி 500 கிலோமீட்டருக்கும் அதிகம். கப்பலில் ஒரு நாளுக்கு மேல் ஆகும். அத்தகைய தீவில் வாழும் ஒரு மாணவியை நினைத்துப் பாருங்கள். மாதத்தில் இரண்டு நாள் அவள் பள்ளிக்குச் செல்வதில்லை. காரணத்தை ஆசிரியரிடம் சொல்லக் கூச்சம். தந்தையிடம் சொல்லத் தயக்கம். சிறப்பு மருத்துவரைக் காண வேண்டுமெனில் பெரும்பாலும் கப்பலேற வேண்டும். இவளுக்கு இரண்டு உதவிகள் தேவை. வீட்டிலேயே, செலவின்றிச் செய்யக்கூடிய பயிற்சி ஒன்று. எந்த வலிக்குக் கப்பலேறியே ஆக வேண்டும் என்ற தெளிவு மற்றொன்று. கரையில் வாழ்பவர்களுக்கும் இவ்விரண்டும் தேவையே.

வலி எவ்வாறு உண்டாகிறது?

கருத்தரிப்பு நிகழாத மாதத்தில் கருப்பையின் உட்சவ்வு உதிர்கிறது. அப்போது அச்சவ்விலிருந்து புரோஸ்டாகிளாண்டின் என்னும் பொருள் சுரந்து, கருப்பைத் தசையைச் சுருங்கச் செய்கிறது. இச்சுரப்பு மிகுதியானால் தசை கடுமையாக இறுகும், அதற்குச் செல்லும் இரத்த ஓட்டம் குறையும், வலி தோன்றும். இடுப்பு, முதுகு, தொடை வரை வலி பரவுவதும், குமட்டல், வயிற்றுப்போக்கு, தலைவலி ஆகியவை உடன் வருவதும் உண்டு. இது முதல்நிலை வலி எனப்படும். பூப்பெய்திய ஓரிரு ஆண்டுகளுக்குள் தொடங்கும். ஒவ்வொரு முறையும் இரண்டு அல்லது மூன்று நாட்களில் தணிந்துவிடும்.

கருப்பைக் கட்டி, எண்டோமெட்ரியோசிஸ், இடுப்புக்குழித் தொற்று முதலிய நோய்களால் வருவது இரண்டாம்நிலை வலி. கருப்பையின் உட்சவ்வைப் போன்ற திசு கருப்பைக்கு வெளியே வளர்வதே எண்டோமெட்ரியோசிஸ். இனப்பெருக்க வயதிலுள்ள பெண்களில் ஏறத்தாழப் பத்தில் ஒருவருக்கு இது இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது.

நம் முன்னோர் இவ்வலியை அறியாதவர்கள் அல்லர். கீழ்நோக்கிச் செல்ல வேண்டிய வாயு மேல்நோக்கித் திரும்புவதால் வலி உண்டாகிறது என்றும், உதிரம் வெளிப்பட்டதும் வலி தணிகிறது என்றும் சரக சம்ஹிதை 'உதாவர்த்தினி' என்னும் நோயை விவரிக்கிறது. மனத்தில் எழும் நோயை 'ஆதி' என்றும், உடலில் வெளிப்படும் நோயை 'வியாதி' என்றும் பிரித்து, முன்னது பின்னதாக மாறும் விதத்தை யோக வாசிஷ்டம் விளக்குகிறது. அடுத்த மாத வலியை எண்ணி இந்த மாதமே அஞ்சும் பெண்ணிடம் இதனைக் காணலாம். அச்சத்தால் உடல் இறுகுகிறது. இறுகிய உடலில் வலி மிகுகிறது. மிகுந்த வலி அச்சத்தை வளர்க்கிறது. இச்சுழலைத் தளர்த்துவதே யோக சிகிச்சையின் பணி.

ஆய்வுகள் கூறுவன

ஈரான் நாட்டில் 18 முதல் 22 வயது வரையிலான 92 மாணவியரிடம் நடந்த ஆய்வு 2011இல் வெளியாயிற்று. புஜங்காசனம், பூனை நிலை, மச்சாசனம் ஆகிய மூன்றை மட்டும், மாதவிடாய்க்கு முந்தைய நாட்களில் ஒரு பிரிவினர் செய்தனர். அவர்களுக்கு வலியின் கடுமையும், வலி நீடித்த நேரமும் குறைந்தன.

சினைப்பை நீர்க்கட்டி என்று வழங்கப்படும் பி.சி.ஓ.எஸ். கோளாறில் மாதவிடாய் தள்ளிப்போகும். முகத்தில் ரோமம் வளரும். ஆந்திர மாநிலத்தின் உறைவிடக் கல்லூரி ஒன்றில், இக்கோளாறு உள்ள 15 முதல் 18 வயது வரையிலான 90 மாணவியரிடம், பெங்களூரு சுவாமி விவேகானந்த யோக அனுசந்தான சம்ஸ்தானத்தைச் சேர்ந்த டாக்டர் நாகரத்னா உள்ளிட்டோர் ஆய்வு நிகழ்த்தினர். ஒரு பிரிவினர் நாள்தோறும் ஒரு மணி நேரம் யோகப் பயிற்சியும், மற்றொரு பிரிவினர் அதே அளவு உடற்பயிற்சியும் 12 வாரங்கள் செய்தனர். உடல் எடையில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. ஆயினும் யோகப் பிரிவில் டெஸ்டோஸ்டிரோன் அளவு குறைந்தது, மாதவிடாய் வரும் ஒழுங்கு மேம்பட்டது, மனப்பதற்றமும் தணிந்தது.

மாதவிடாய் வலிக்கு உடற்பயிற்சி பயன்படுமா என்று பல ஆய்வுகளைத் தொகுத்து நோக்கிய கோக்ரேன் அறிக்கை 2019இல் வெளிவந்தது. வாரத்தில் மூன்று நாட்களேனும், 45 முதல் 60 நிமிடங்கள் செய்யும் பயிற்சி வலியைக் கணிசமாகக் குறைக்கக்கூடும் என்றும், கிடைத்துள்ள சான்றுகள் இன்னும் வலுப்பெற வேண்டும் என்றும் அது கூறுகிறது. ஆகவே நம்பிக்கையோடு பயில்வோம். மிகைப்படுத்திச் சொல்வதைத் தவிர்ப்போம்.

பயிற்சி முறை

வலி வந்த பின் தேடும் மருந்தன்று யோகம். வலி இல்லாத நாட்களில் சேர்த்து வைக்கும் செல்வம். ஆகவே மற்ற நாட்களில் தவறாமல் பயில்க. தீவுகளில் மே, ஜூன் மாதங்களில் ஐந்து மணிக்கே பொழுது விடிந்துவிடும். புழுக்கம் மிகுமுன் அந்த வேளையில், வெறும் வயிற்றில் செய்வது நன்று.

1. மார்ஜாரி ஆசனம் (பூனை நிலை): முழங்கால்களையும் உள்ளங்கைகளையும் தரையில் ஊன்றுக. மூச்சை உள்ளிழுக்கையில் முதுகைத் தாழ்த்தித் தலையை உயர்த்துக. வெளிவிடுகையில் முதுகை மேல்நோக்கி வளைத்துத் தலையைத் தாழ்த்துக. பத்து முறை.

2. புஜங்காசனம்: குப்புறப் படுத்து, தொப்புள் தரையில் படிந்திருக்க மார்பை மட்டும் உயர்த்துக. மூன்று முறை.

3. மச்சாசனம்: கால்களை நீட்டியே செய்யலாம். கழுத்து வலி உள்ளவர்கள் முதுகின் கீழ்த் தலையணை வைத்து, தலையைத் தாங்கலோடு இருத்துக.

4. பத்த கோணாசனம்: அமர்ந்து, இரு பாதங்களையும் சேர்த்து, முழங்கால்களைப் பக்கவாட்டில் தளர விடுக. இரண்டு நிமிடம்.

5. சசாங்காசனம்: வஜ்ராசனத்தில் அமர்ந்து முன்குனிந்து நெற்றியைத் தரையில் வைக்க. ஒரு நிமிடம்.

6. நாடிசுத்தி ஒன்பது சுற்று. பிராமரி ஒன்பது முறை. இறுதியாகச் சவாசனம் பத்து நிமிடம்.

மாதவிடாய் நாட்களில் இம்முறையை மாற்றிக்கொள்ள வேண்டும். பெண்களுக்கான யோகம் பற்றித் தனிநூல் எழுதிய கீதா அய்யங்கார் (1944-2018), அந்நாட்களில் சிரசாசனம், சர்வாங்காசனம் முதலிய தலைகீழ் நிலைகளை நிறுத்திவைக்கச் சொன்னார். கபாலபாதி, பந்தங்கள், வயிற்றை அழுத்தும் ஆசனங்கள் ஆகியவற்றையும் விடுக. தலையணையில் சாய்ந்தபடி பத்த கோணாசனம், தலையணை மீது தலைவைத்த சசாங்காசனம், மெல்லிய பிராமரி, அடிவயிற்றில் வெந்நீர் ஒத்தடம் ஆகியன போதும். ஆளுக்கேற்ப யோகத்தை அமைக்க வேண்டுமே தவிர, யோகத்துக்கேற்ப ஆளை வளைக்கக் கூடாது என்பது ஆசாரியர் கிருஷ்ணமாசாரியார் மரபின் அடிப்படை.

மருத்துவரை நாட வேண்டிய வேளை

கீழ்க்காணும் குறிகள் இருப்பின், ஆசனங்களை மட்டும் நம்பியிருத்தல் தவறு.

- ஆண்டுக்கு ஆண்டு மிகும் வலி. மாதவிடாய் அல்லாத நாட்களிலும் வரும் வலி. இருபத்தைந்து வயதுக்குப் பின் புதிதாகத் தொடங்கும் வலி.
- ஏழு நாட்களுக்கு மேல் உதிரப்போக்கு. ஒரு மணி நேரத்தில் நாப்கின் நனையும் அளவு போக்கு.
- காய்ச்சல், துர்நாற்றமுள்ள வெள்ளைப்படுதல், தாம்பத்திய உறவில் வலி.
- மூன்று மாதங்களுக்கு மேல் மாதவிடாய் வராமை. 15 வயதாகியும் பூப்பெய்தாமை.
- மாதவிடாய் தள்ளிப்போன நிலையில் திடீரென எழும் கடும் வயிற்றுவலி. இது உயிருக்கு ஆபத்தானது. உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

மருத்துவர் தரும் வலிநிவாரணி புரோஸ்டாகிளாண்டின் சுரப்பைக் கட்டுப்படுத்துவது. அதனை உட்கொள்வது யோகத்தில் நம்பிக்கை குறைந்ததன் அடையாளமன்று. மருந்தும் பயிற்சியும் இணைந்தே செல்லலாம்.

அன்னையர் கவனத்துக்கு

'வீட்டுக்கு விலக்கு' என்ற பழைய வழக்கத்தில் ஓய்வு என்ற நன்மை இருந்தது. ஒதுக்கலும் மௌனமும் அதனோடு ஒட்டிக்கொண்டன. ஓய்வைக் கொள்வோம், மௌனத்தை விடுவோம். மகளுக்கு ஒரு சிறு நாட்காட்டி கொடுங்கள். மாதவிடாய் வந்த நாள், வலி இருந்த நேரம், பள்ளிக்குச் செல்லாத நாள் ஆகியவற்றை அதில் அவள் குறிக்கட்டும். மூன்று மாதப் பயிற்சிக்குப் பின் தாயும் மகளும் சேர்ந்து அதனைப் பாருங்கள். வலி குறைந்திருந்தால் பயிற்சியைத் தொடருங்கள். குறையாவிடில், அந்த நாட்காட்டியை எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் செல்லுங்கள். வாயால் சொல்லத் தயங்கும் மகளுக்காக அது பேசும். இடையில் கடலே இருந்தாலும் அந்தப் பயணத்தைத் தள்ளிப்போடாதீர்கள்.