குருதி அளவீடும் ஹார்மோன் சுரப்பும்: கணித மாதிரியின் பணி

நாளமில்லாச் சுரப்பிகள் குருதியில் கலக்கும் ஹார்மோன்களுள் பல, சீரான ஓட்டமாகச் சுரப்பதில்லை. இடைவெளி விட்டுத் துடிப்புகளாகவே சுரக்கின்றன. பிட்யூட்டரி சுரப்பியிலிருந்து தோன்றி இனப்பெருக்க உறுப்புகளை இயக்கும் எல்.எச். ஹார்மோன் இதற்குத் தக்க சான்றாகும். அதனைச் சுரக்கத் தூண்டுவது, மூளையின் ஹைப்போதலாமஸ் பகுதி அனுப்பும் ஜி.என்.ஆர்.எச். என்னும் மற்றொரு ஹார்மோன்.

துடிப்பின் முக்கியத்துவம்

ஹைப்போதலாமஸ் பழுதுற்ற ரீசஸ் குரங்குகளுக்கு மணிக்கு ஒரு முறை ஜி.என்.ஆர்.எச். செலுத்தியபோது எல்.எச். சுரப்பு மீண்டது, அதையே இடைவிடாது செலுத்தியபோது சுரப்பு ஒடுங்கியது. எர்னஸ்ட் நோபில் குழுவினர் 1978-இல் வெளியிட்ட இந்த முடிவு மருத்துவத்திற்கு இருவகையில் பயன்பட்டுள்ளது. ஹைப்போதலாமஸின் தூண்டுதல் குன்றிய பெண்களுக்குச் சிறு பம்பின் வழியே துடிப்புகளாக இதைச் செலுத்திக் கருமுட்டை வெளிப்படச் செய்யலாம். புராஸ்டேட் புற்றுநோயிலோ, இதனையொத்த நீடித்துச் செயற்படும் மருந்துகள் சுரப்பை அடக்கப் பயன்படுகின்றன. எனவே, எவ்வளவு சுரந்தது என்பதோடு எப்பொழுது சுரந்தது என்பதும் அறியப்பட வேண்டும்.

இருப்பும் வரவும்

கை நரம்பில் எடுக்கும் குருதி, அந்நேரத்து இருப்பை மட்டுமே காட்டும். நீர்த்தேக்கத்தின் மட்டம், வரும் நீருக்கும் வெளியேறும் நீருக்கும் உள்ள வேறுபாட்டின் விளைவு. மட்டத்தை மட்டும் பார்த்து வரத்தைக் கூற இயலாது. வெளியேறும் வேகம் தெரிந்தால், அடுத்தடுத்த அளவீடுகளிலிருந்து வரத்தைக் கணிக்கலாம். கணித மாதிரி செய்வது இதுவே.

ஒரு ஹார்மோனின் அரை ஆயுட்காலம் 60 நிமிடம் எனக் கொள்வோம். காலை 10 மணிக்கு 8 அலகு இருந்தால், புதிய சுரப்பு இல்லாதபோது 11 மணிக்கு 4 அலகே எஞ்சும். ஆனால் அளவீடு 7 அலகைக் காட்டுகிறது. கூடுதலான 3 அலகு 11 மணிக்குச் சற்று முன் சுரந்திருந்தால் சுரப்பு 3 அலகு; 10 மணிக்கு உடன் பின் சுரந்திருந்தால், அதில் பாதி அழிந்திருக்கும் ஆதலால் சுரப்பு 6 அலகு. ஒரே அளவீட்டிற்கு இரு மடங்கு வேறுபட்ட விடைகள் பொருந்துகின்றன. 10 நிமிடத்திற்கொரு முறை அளந்தால் இந்த ஐயம் ஏறத்தாழ 12 விழுக்காடாகக் குறையும்.

மாதிரியின் வரம்புகள்

அரை ஆயுட்காலத்தை உண்மையினும் மிகுத்துக் கொண்டால், சுரப்பு குறைவாகத் தோன்றும். இதனாலேயே வெல்டூயிஸ், கார்ல்சன், ஜான்சன் ஆகியோர் 1987-இல் வெளியிட்ட மாதிரி, துடிப்புகளின் நேரம், அளவு ஆகியவற்றோடு அரை ஆயுட்காலத்தையும் சேர்த்தே மதிப்பிட்டது. ஆய்வகப் பிழையும் உண்டு. துடிப்புகளை மிகுதியாக ஏற்கும் மாதிரி பிழையையும் துடிப்பெனக் கொள்ளும். குறைவாக ஏற்பது உண்மைத் துடிப்பை இழக்கும்.

24 மணி நேரத்திற்கு 10 நிமிட இடைவெளியில் 145 மாதிரிகள் தேவை. ஒவ்வொன்றும் 2 மி.லி. என்றால் 290 மி.லி. குருதியாகும், நம் நாட்டில் குருதிக்கொடையாளரிடம் பெறும் 350 மி.லி.க்கு இது மிகவும் குறைந்ததன்று. குழந்தைகளிடமும் சோகையுற்றோரிடமும் இவ்வளவு எடுத்தல் தகாது. ஆகவே, எத்தனை முறை, எந்நேரங்களில் குருதி எடுத்தால் கேட்கப்படும் வினாவிற்குப் போதுமான விடை கிட்டும் என்பதை ஆய்வு தொடங்குமுன் மாதிரியைக் கொண்டே கணித்தல் வேண்டும். குறைந்த குருதியில் நம்பத்தக்க விடை காண உதவுவதே இக்கணிதத்தின் பெரும் பயனாகும்.