நுண்பாசியில் வைட்டமின் ஈ: முக்கியக் குறிப்புகள்

கலிஃபோர்னியாவின் டப்ளினும் பெர்க்லியும் ஒரே அலமேடா மாவட்டம். இந்தத் தலைப்பின் பாதி வரலாறு அங்கேதான் நடந்தது. டப்ளினில் பள்ளியில் படிக்கும் நம் பிள்ளைகளுக்கும், ஊரில் போட்டித் தேர்வுக்குப் படிப்போருக்கும் இந்தக் குறிப்புகள் உதவும்.

• வைட்டமின் ஈயைக் கண்டறிந்தவர்கள்: ஹெர்பர்ட் எவான்ஸ், கேத்தரின் ஸ்காட் பிஷப், பெர்க்லி, 1922. அன்றைக்குத் தெரிந்திருந்த சத்தெல்லாம் கொடுத்தும் எலிகளின் கரு வயிற்றிலேயே கரைந்துபோனது. லெட்டூஸ் கீரை சேர்த்ததும் குட்டிகள் பிறந்தன. எவான்ஸ் பெயரோடு நிறுத்தாமல் பிஷப்பையும் எழுதுங்கள். அவருக்கு உரிய இடம் அது.

• 1936: கோதுமை முளை எண்ணெயிலிருந்து ஆல்ஃபா டோகோஃபெராலைப் பிரித்தவர்கள் எவான்ஸ், கிளாடிஸ் எமர்சன், ஆலிவர் எமர்சன். 1938: செயற்கையாகத் தயாரித்தவர் பால் காரர்.

• கொழுப்பில் கரையும். வடிவங்கள் 8: டோகோஃபெரால் 4, டோகோட்ரையீனால் 4. விலங்குகளால் இதைத் தயாரிக்க முடியாது. ஒளிச்சேர்க்கை உயிரிகளால் முடியும். நுண்பாசியைத் தேடிப் போவதன் காரணம் இதுவே.

• வண்ணப்பிரிகை: தாவர நிறமிகளைப் பிரித்துக் காட்டிய ரஷ்யர் மிகைல் ஸ்வெட். குளோரெல்லா பாசிக்குக் கதிரியக்கக் கார்பன்-14 கொடுத்து, தாள் வண்ணப்பிரிகையால் ஒளிச்சேர்க்கையின் படிகளைக் கண்டவர் மெல்வின் கால்வின், அதுவும் பெர்க்லியில். நோபல் 1961. உடன் உழைத்தவர்கள் பென்சன், பாஸ்ஷம்.

• இன்றைய அளவீட்டு முறை எச்.பி.எல்.சி., அதாவது உயர்திறன் திரவ வண்ணப்பிரிகை. வரிசையை மனத்தில் பதியுங்கள். உலர்ந்த பாசியை எடைபோட்டு, செல்சுவரை உடைத்து, பொட்டாசியம் ஹைட்ராக்சைடால் கொழுப்பைச் சோப்பாக்க வேண்டும். டோகோஃபெரால் ஆக்சிஜனிலும் ஒளியிலும் அழியும். ஆகவே அஸ்கார்பிக் அமிலம் சேர்ப்பார்கள், வெளிச்சம் படாமல் காப்பார்கள். இதில் கவனம் தவறினால் பிறகு எந்தக் கருவியாலும் ஈடுகட்ட முடியாது. சோப்பாகாத பகுதியை ஹெக்சேனில் பிரித்துக் குழலில் செலுத்துவார்கள். ஒளிர்தல் உணரி சுமார் 295 நானோமீட்டரில் கிளர்த்தி, 330 அருகே வெளிவரும் ஒளியை அளக்கும். அளவு தெரிந்த தூய டோகோஃபெராலின் முகட்டோடு ஒப்பிட்டால், ஒரு கிராம் பாசியில் எத்தனை மைக்ரோகிராம் என்பது கிடைக்கும்.

• சாதாரண சி-18 குழலில் டோகோஃபெராலின் பீட்டா, காமா வடிவங்கள் ஒரே முகடாக விழும். இரண்டுக்கும் மூலக்கூறு வாய்பாடு ஒன்றே. சிலிக்கா குழல் பிரித்துவிடும். மனித உடலின் தேவைக்குக் கணக்கில் வருவது ஆல்ஃபா மட்டும். அதனால் மொத்தத்தைச் சொல்லிவிட்டு நகரும் அறிக்கை எனக்கு அரைகுறையாகவே படுகிறது.

• அமெரிக்காவில் பெரியவர்களுக்குப் பரிந்துரை: நாளொன்றுக்கு 15 மி.கி.

• ஆல்ஃபா மிகுந்த நுண்ணுயிரி: யூக்ளினா கிராசிலிஸ்.

• ஸ்பைருலினா: சென்னை முருகப்பா செட்டியார் ஆராய்ச்சி மையத்தில் சி.வி.சேஷாத்ரி இதை வளர்க்கும் எளிய முறைகளுக்காக உழைத்தார். புதுக்கோட்டை மாவட்டம் ஊனையூரில் வணிக அளவில் வளர்க்கிறார்கள். நுண்பாசிப் பட்டியலில் வந்தாலும் உட்கரு இல்லாத சயனோபாக்டீரியா இது. வகைப்பாட்டுக் கேள்வியில் யூக்ளினாவோடு ஒரே கட்டத்தில் சேர்க்கக் கூடாது.