ஐரோப்பா செல்லும் பேரனுக்கு

செம்மேடு,
கொல்லிமலை.

சிரஞ்சீவி பேரனுக்கு, தாத்தா எழுதிக்கொண்டது.

சிநேகிதர்களோடு கார் அமர்த்திக்கொண்டு ஐரோப்பாவைச் சுற்றிவரப் போவதாகவும், கிடைத்த விடுமுறைக்குள் எத்தனை தேசங்களைத் தொட இயலுமோ அத்தனையையும் தொட்டுவிட உத்தேசித்திருப்பதாகவும் நீ எழுதியதைப் பாட்டிக்கு வாசித்துக் காட்டினேன். அவளுக்குப் பரம சந்தோஷம். எனக்கும் சந்தோஷமே. ஆயினும், தேசங்களை எண்ணிக்கொண்டு ஓடுகிறவனுக்கு, அவற்றை ஒன்றாகச் சேர்த்துவைத்திருப்பது எது என்று விசாரிக்க அவகாசம் இராது என்பதனால் இதை எழுதுகிறேன்.

முதலில் வெர்தூனுக்குப் போ. பிரான்சிலுள்ள அந்த ஊரைச் சுற்றி 1916ஆம் வருஷம் பிப்ரவரி முதல் டிசம்பர் வரை நடந்த யுத்தத்தில் பிரெஞ்சுக்காரரும் ஜெர்மானியருமாக ஏறத்தாழ மூன்று லட்சம் பேர் மாண்டார்கள். இன்னார் என்று அடையாளம் காண முடியாமற்போன ஒரு லட்சத்து முப்பதாயிரம் பேருடைய எலும்புகள், எந்தத் தேசத்தவருடையவை என்ற பேதமில்லாமல், துவோமோன் என்னுமிடத்தில் ஒரே மண்டபத்தில் சேர்த்து வைக்கப்பட்டிருக்கின்றன. ரோமாபுரியின் பழஞ்சட்டமும் கிறிஸ்து மதமும் இவ்விரு ஜனங்களுக்கும் பொதுச் சொத்தாக இருந்தும், அந்த எலும்புக் குவியலைத் தடுக்க அவற்றால் ஆகவில்லை.

அதன் பிறகு ஷெங்கனுக்குப் போ. லக்ஸம்பர்க், பிரான்ஸ், ஜெர்மனி மூன்றும் சந்திக்கிற மோசெல் நதிக்கரைச் சிற்றூர் அது. அங்கே 1985 ஜூன் 14 அன்று ஒரு கப்பலில் கூடி, ஐந்து தேசத்தார் தங்களுக்கிடையே எல்லைச் சோதனையை நீக்கிவிடுவதென்று கையொப்பமிட்டார்கள். காரியம் நடைமுறைக்கு வர மேலும் பத்து வருஷம் பிடித்தது. உன் கார் இன்று நிற்காமல் ஓடுகிறதென்றால் அது அந்தக் கையொப்பத்தின் பலன். ஆனால் உள்வாசல்களைத் திறந்தவர்களே வெளிவாசலை இறுக்கிச் சாத்தியிருக்கிறார்கள் என்பதையும், அந்த வாசலை நாடி மத்தியதரைக் கடலில் மூழ்கி இறப்பவர்கள் அநேகர் என்பதையும் நீ மறக்கலாகாது.

ஐரோப்பியன் யார் என்று அங்கேயுள்ளவர்கள் இன்னமும் வாதாடிக்கொண்டிருப்பதாக எழுதியிருந்தாய். நம் மலையையே எண்ணிப் பார். காஞ்சியிலிருந்து புறப்பட்ட சகோதரர் மூவரில் பெரியண்ணன் சேர்வராயன் மலைக்கும், நடுவண்ணன் பச்சைமலைக்கும், சின்னண்ணன் கொல்லிமலைக்கும் வந்து குடியேறியதாக நம் பெரியவர்கள் சொல்லுவார்கள். அவ்விதம் வந்து சேர்ந்தவர்கள் என்று பெருமையோடு கூறிக்கொள்ளும் நாமே, சங்க காலத்தில் இம்மலையை ஆண்டு, காரி என்ற மன்னன் கையால் மடிந்து போன வல்வில் ஓரியை நம்மவனாகவே பாவித்து, அவன் சிலைக்கு மாலையிட்டு, ஆடி பதினெட்டையொட்டி விழாக் கொண்டாடுகிறோம். அவன் ரத்தம் நம் உடம்பில் ஓடுகிறதா என்று எவரும் கேட்பதில்லை, கேட்கவும் வேண்டியதில்லை. அவன் நின்ற மண்ணில் நாம் உழுகிறோம், அவன் குடித்த அருவி நீரை நாமும் குடிக்கிறோம். அந்தப் பாத்தியதை நமக்குப் போதுமானதாக இருந்திருக்கிறது. குலத்தையும் நிறத்தையும் சோதித்துத்தான் ஒருவனை ஐரோப்பியனென்று ஒப்புக்கொள்வோம் என்று அங்கே சிலர் பேசுவதைக் கேட்டால், நம்முடைய இந்த வழக்கத்தை அவர்களிடம் தயங்காமல் எடுத்துச் சொல்.

ஜெர்மனியில் ஹாம் என்ற நகரத்துக்கு அவசியம் போய் வா. 1983க்குப் பிறகு இலங்கையை விட்டு அகதிகளாகப் போன தமிழர்கள் அங்கே காமாட்சியம்மனுக்குக் கோபுரத்தோடு கோயில் எழுப்பி, 2002இல் கும்பாபிஷேகம் செய்திருக்கிறார்கள். நம் முன்னோரைப் போலவே காஞ்சித் தெய்வமும் ஊர் பெயர்ந்து போயிருக்கிறது. அங்கேயே பிறந்து, ஜெர்மன் பாஷையில் படித்து, தேர்த் திருவிழாவில் வடம் பிடிக்கும் பிள்ளைகளில் உன் வயதினர் பலர் இருப்பார்கள். தங்களை எந்த மண்ணுக்கு உரியவர்களாக எண்ணுகிறார்கள் என்று அவர்களையே மரியாதையோடு விசாரித்து, அவர்கள் சொன்ன பதிலை உன் அபிப்பிராயம் கலவாமல் எனக்கு எழுது.

இப்படிக்கு,
உன் தாத்தா